சுகமாக இருப்பவர்களை நம்பாதவர்

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக வீடுகள் ஒட்டியிருந்த எங்கள் லயத்தில் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கொசுவைத் தேடித் திரிகிறவர் என்பதால் நுளம்பு ஐயா என்றோம். அவர் காதுபடவே சிலர் சொன்னார்கள். திரும்பிப் பார்ப்பாரே தவிர கோபப்பட்டதில்லை.

முதன்முதலில் அவரை நான் பார்த்தது பிள்ளைக்காம்பராவில். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. நான் அங்கே ஆயாவாக இருந்தேன். கல்யாணமாகிச் சில வருடங்கள்தான். எனக்குப் பிள்ளை இல்லை. அன்று ஒரு குழந்தை தொட்டிலில் ஓயாமல் அழுதுகொண்டிருந்தது. டிஸ்பென்சரி ஐயா வந்தால் நேரே அழும் குழந்தையிடம்தான் போவார். காக்கிக் கால்சட்டையும் தோளில் தொங்கும் பையுமாக வந்த இந்த மனிதர், சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, அழும் குழந்தையைத் தாண்டிப் போனார். மூலையில் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தையின் பக்கத்தில் குந்தினார். அதன் இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மெல்ல அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்.

"அழுவுற புள்ள அங்க இருக்குங்க," என்றேன்.

"அழுவுறது தன்னைத் தானே காட்டிக் குடுத்துரும் ஆயம்மா. சிரிக்கிறதுதான் காட்டாது," என்றார்.

இதுதான் அவர். அவரைப் பற்றி வேறு என்ன சொன்னாலும் இதில் வந்துதான் நிற்கும். காய்ச்சலில் படுத்தவனை அவர் டிஸ்பென்சரியிடம் விட்டுவிடுவார். எழுந்து நடமாடுகிறவன், பீடி பிடிக்கிறவன், பந்தடிக்கிறவன், இவர்களைத்தான் பின்னாலேயே தொடர்ந்து போவார். "சொகமா இருக்கிறவங்களை நான் நம்புறதில்லங்க" என்று சிரிக்காமல் சொல்வார்.

நாங்களும் அவரை நம்பவில்லை.

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து கீழே இறங்கும் பாதையில், கினிகத்தேனைப் பக்கம் இருந்தது. பொகவந்தலாவைக்காரர்களுக்கும் நுவரெலியாக்காரர்களுக்கும் குளிரே காவல். நுளம்புக் காய்ச்சல் அவ்வளவு உயரம் ஏறாது. எங்களுக்கு அந்தக் காவல் பாதிதான். நான் சொல்லும் வருடம் ஆடி மழை ஏமாற்றிவிட்டது. எப்போதும் இரைந்துகொண்டு ஓடும் ஆறு, பாறைகளுக்கிடையே குட்டை குட்டையாக நின்றுபோனது. அந்தச் சமயத்தில்தான் நுளம்பு மொய்க்கும் தெற்குக் காட்டில் நடக்கும் கதிர்காமத் திருவிழாவுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களில் என் வீட்டுக்காரரும் இருந்தார், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் இருந்தார். வந்த கொஞ்ச நாளில் இருவருக்கும் குளிர்காய்ச்சல். கம்பளிக்கு மேல் கம்பளி போட்டும் பல் கிட்டியது. டிஸ்பென்சரியில் கசப்பு மாத்திரை கொடுத்தார்கள். இருவரும் தேறி மலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்க மலேரியா இலாகாவிலிருந்து நுளம்பு ஐயா வந்து சேர்ந்தார். நோய் இருந்தபோது வராமல், அது போன பிறகு வந்தவர் என்பதே எங்களுடைய முதல் சந்தேகம்.

எங்கள் காம்பரா வாசலில் நின்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார். பிறகு ஒரு நாள் மாத்திரையோடு வந்தார்.

"எனக்குத்தான் காய்ச்சல் போயிருச்சுங்களே," என்றார் இவர்.

"உங்களுக்குப் போயிருச்சு. ஆனா ரத்தத்துல அதோட விதை இருக்கு. உங்களை அது ஒண்ணும் செய்யாது. நுளம்பு வந்து உங்களைக் கடிச்சா, அந்த விதை நுளம்பு வயித்துக்குள்ள போய் மொளைக்கும். பெறகு அது யாரைக் கடிக்குதோ அவங்களுக்குக் காய்ச்சல்."

"அப்ப இந்த மாத்திரை எனக்கு இல்லையா?"

"இல்லங்க. நுளம்புக்குப் போற வழியை அடைக்கிறதுக்கு."

பக்கத்துக் காம்பராக்களிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "நுளம்புக்கு மருந்துன்னா நுளம்புக்கிட்ட குடுங்களேன்" என்று யாரோ கத்தினார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் கொஞ்சம் அப்பாவி. யாராவது மரியாதையாகப் பேசினால் சொன்னதைச் செய்துவிடுவார். வாங்கி விழுங்கினார்.

"வாயைத் தொறங்க," என்றார் நுளம்பு ஐயா. "நாக்கைத் தூக்குங்க."

இதை அவர் எல்லோரிடமும் செய்தார். முகத்தை வெயில் பக்கம் திருப்பி, கன்னத்துக்கு உட்புறம், நாக்குக்கு அடியில் என்று குனிந்து பார்ப்பார். தலைவர் அன்று வெற்றிலை போட்டிருந்தார். மாத்திரையை வாங்கி வாயில் போட்டு, தண்ணீரும் குடித்து, வாயைத் திறந்தும் காட்டினார். நுளம்பு ஐயா போகவில்லை.

"வெத்தலையைத் துப்புங்க தலைவரே."

"இப்பதான போட்டேன்."

"துப்பிட்டு வேற போட்டுக்கலாம்."

தலைவர் துப்பினார். சிவப்புச் சக்கைக்கு நடுவில் மாத்திரை கிடந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். லயமே பார்க்க அவமானப்பட்ட தலைவர், அதற்குப் பிறகு அந்த மனிதர் கையால் எதையும் வாங்குவதில்லை என்று சபதம் செய்தார்.

சந்தேகம் அதோடு நிற்கவில்லை. அது எங்களுக்கு ஓட்டுரிமை போயிருந்த காலம். நாங்கள் இலங்கைக்காரர்களா, இந்தியாக்காரர்களா என்று தெரியாமல் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தோம். பெயரும் ஊரும் வயதும் கேட்டு வருகிறவன் யாராக இருந்தாலும் பாதிதான் சொல்வோம். நுளம்பு ஐயாவோ, கதிர்காமத்துக்குப் போனது யார், இந்தியாவிலிருந்து வந்தது யார், எந்தக் காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று கேட்டார். எங்களோடு எங்கள் பேச்சே பேசினார். பஸ்காரரோடு சிங்களம், தோட்டத்தை நடத்தும் தொரையோடு இங்கிலீஷ், கடைக்கார முஸ்லிம் நானாவோடு அவருடைய பேச்சு. எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த வீட்டிலும் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கமாட்டார். சாதி பார்க்கிறார் என்று சிலர் சொன்னார்கள். அது எதனால் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

"நாக்கைத் தூக்கிப் பார்க்கிறான்ல, எந்தக் கரை நாக்குன்னு பார்க்கிறான். கப்பல்ல ஏத்தி விடுறதுக்கு," என்றார் தலைவர்.

போதாததற்கு, பெண்களுக்கு மாத்திரை கொடுக்கும் முன்னால், "முழுகாம இருக்கீங்களா?" என்று கேட்பார். இருந்தால் கொடுக்கமாட்டார். குமரிப் பெண்களிடமும் அதே கேள்வி. ஒரு தகப்பன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்துவிட்டார். மாத்திரை பிள்ளை உண்டாகாமல் செய்வதற்குத்தான் என்று அன்று சாயந்தரமே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் முடிவாகிவிட்டது.

இன்னொரு கேள்வியும் உண்டு. மாத்திரை விழுங்கியவர்களிடம் மறுநாள் வந்து, "ஒண்ணுக்கு என்ன நெறத்துல போச்சு?" என்று கேட்பார். வேடிக்கைக்காரக் கிழவர் ஒருவர், "ஐயாவுக்கு என்ன நெறத்துலங்க?" என்று திருப்பிக் கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் பொறுமையாக நின்றார். சிரிப்பு அடங்கியதும், "பாலில்லாத தேத்தண்ணி மாதிரி போச்சுன்னா ஒளிக்காம சொல்லணும். அன்னிக்கே மாத்திரையை நிப்பாட்டணும்," என்றார்.

எனக்கு அவர்மேல் தனியாக ஒரு சந்தேகம் இருந்தது. பிள்ளைக்காம்பரா ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆறு தெரியும். மதிய வெயிலில் அவர் பாறைப் பாறையாகத் தாவி, ஒரு நீண்ட கரண்டியால் குட்டைத் தண்ணீரை மொண்டு மொண்டு உற்றுப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சிலதைப் போத்தலில் ஊற்றிப் பைக்குள் வைப்பார். மாட்டுப் பட்டியில் சுவரோடு சுவராக நின்று, ஒரு கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து நுளம்புகளை உறிஞ்சிப் பிடிப்பதையும் பார்த்தேன். கொல்லாமல், காயப்படாமல், அத்தனை பக்குவமாக. கொல்ல வந்தவன் எதற்காக உயிரோடு சேர்த்து வைக்கிறான்? கொண்டுபோய் எங்கே விடுகிறான்? இதை நான் செல்லம்மாவிடம் சொன்னேன். செல்லம்மா தலைவர் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராக்காரி. அவள் கைக்குழந்தை என்னிடம்தான் பகலெல்லாம் கிடக்கும். அவள் ஊருக்கே சொன்னாள்.

என் வீட்டுக்காரர் மட்டும் சொன்னபடி தினம் ஒரு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். வாயையும் திறந்து காட்டினார். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். இடுப்பு வலி என்றார். அடுத்த நாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. நுளம்பு ஐயா வழக்கம்போல வந்து கேட்டார்.

"நெறம் என்ன?"

"எப்பவும் போலத்தாங்க," என்றார் இவர். வெட்கப்பட்டுச் சொன்ன பொய் அது. வாங்கிய மருந்தில் குறை சொல்லக்கூடாது என்ற பயமும் இருந்திருக்கும்.

நுளம்பு ஐயா அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பையிலிருந்து ஒரு வெறும் போத்தலை எடுத்து நீட்டினார். "பின்னுக்குப் போய் இதுல எடுத்துட்டு வாங்க." இவர் மறுத்தார். "நீங்க போகாட்டி நான் கூட வருவேன்," என்றார் அவர்.

போத்தல் வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தேத்தண்ணி இல்லை அது, அதைவிடக் கறுப்பு.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பங்களாப் பக்கம் ஓடினார். தொரையிடம் என்ன பேசினாரோ, கொழுந்து லொறி லயத்து வாசலுக்கு வந்தது. அதற்குள் தலைவரும் இருபது முப்பது ஆட்களும் லொறியைச் சுற்றிக்கொண்டார்கள்.

"நல்லா இருந்த மனுசனுக்கு மருந்து குடுத்து இப்படிப் பண்ணிட்டு, இப்ப எங்க தூக்கிட்டுப் போறே? ஆஸ்பத்திரியில வச்சு முடிச்சிரலாம்னா?" என்று தலைவர் அவர் சட்டையைப் பிடித்தார்.

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நுளம்பு ஐயாவின் முன்னால் போய் நின்றேன்.

"இது உங்க மாத்திரையாலதானா?"

தொரைமாரிடமும் கணக்கப்பிள்ளைமாரிடமும் இந்த மாதிரிக் கேள்வி கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். தண்ணி சரியில்லை, தின்றது சரியில்லை, உன் புருசன் குடித்திருப்பான்.

"ஆமாங்க," என்றார். "என் மாத்திரையாலதான். சில பேர் ரத்தம் இதைத் தாங்காது. யாரு ரத்தம்னு குடுக்கிறதுக்கு முந்தித் தெரியாது. அதுக்குத்தான் தெனம் கேட்டேன். இப்ப நேரம் போகுது."

தலைவரின் கை தானாகச் சட்டையை விட்டது. அந்த 'ஆமா'வை அவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் நான் அவரை நம்பினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உண்மையை ஒத்துக்கொள்கிறவன் அடுத்ததாக என்ன செய்வானோ என்றுதான் பயந்தேன். "நீங்க முன்னுக்கு ட்ரைவரோட ஒக்காரக்கூடாது. எங்களோட பின்னுக்கு ஏறுங்க. என் கண்ணுக்கு முன்னாடி இருங்க," என்றேன். ஏறினார். வளைவுகளில் லொறி சாயும்போதெல்லாம் என் வீட்டுக்காரரின் தலையை மடியில் பிடித்துக்கொண்டு நுளம்பு ஐயாவையே பார்த்தபடி போனேன்.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மாத்திரையை நிறுத்தியதும் இரத்தம் மெல்லத் தேறும், ஆனால் ஆளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வாங்குப் பலகையில் நான் ஒரு முனையில், நுளம்பு ஐயா மறு முனையில். அவர் போகவில்லை. போகச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

"எதுக்குங்க நல்லா இருக்கிறவங்களை இப்படி வெரட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"நாடு முழுக்கப் பெரிய காய்ச்சல் வந்த வருசம் எங்க வீட்டுல நாலு பேரு போனாங்க ஆயம்மா. எங்கம்மா, தங்கச்சிமாரு. எனக்கு மொதல்ல லேசா வந்து விட்டிருச்சு. பெறகு ஒண்ணுமில்ல. ஓடியாடி அவங்களுக்குத் தண்ணி குடுத்தது, ராத்திரி அவங்களோடவே படுத்தது எல்லாம் நான்தான். அந்த வீட்டுல சொகமா இருந்தது நான் ஒருத்தன்தான்."

இது உண்மையா, என்னை அடக்குவதற்குச் சொன்ன கதையா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் அதன் பிறகு ஒருவரும் மாத்திரை வாங்கவில்லை. நுளம்பு ஐயா தினமும் லயத்துக் கோடியில் வந்து நிற்பார். கதவுகள் சாத்திக்கொள்ளும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விடுவார். யாரையும் அவர் தொரையிடம் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்; சந்தேகப்பட்டது சரிதான் என்று ஆகியிருக்கும்.

பிறகு செல்லம்மாவின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. என் மடியில்தான் ஆரம்பித்தது. முதலில் உதடு நீலமாகி ஒரு நடுக்கம், பிறகு அடுப்புக்கல் மாதிரிச் சூடு. கதிர்காமத்தை அந்தக் குழந்தை பார்த்ததில்லை. லயத்தை விட்டு அது போனதே பிள்ளைக்காம்பராவுக்கு மட்டும்தான். யாரிடமிருந்தோ வந்து, நுளம்பு வழியாக அதன் உடம்பில் ஏறியிருக்கிறது. செல்லம்மா வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் படுப்பவர் மாத்திரையை வெற்றிலையோடு துப்பியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மறுநாள் மதியம் பிள்ளைக்காம்பராவுக்குப் பால் கொடுக்க வந்த பெண்கள் போகாமல் நின்றார்கள். ஆண்களும் சிலர் வந்திருந்தார்கள். நான் ஆளனுப்பி நுளம்பு ஐயாவை வரச்சொல்லியிருந்தேன்.

"இனிமே என் வீட்டுக்காரர் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது," என்றேன். "அவருக்கும் சேர்த்து, இந்தப் புள்ளைங்களுக்கும் சேர்த்து, மத்தவங்கதான் முழுங்கணும். ஆனா ஐயா சொல்ற மாதிரி இல்ல. நாங்க சொல்ற மாதிரி."

"சொல்லுங்க," என்றார்.

"ஒரு மாத்திரை. மறுநா நெறம் பாத்துட்டுத்தான் அடுத்தது. பொம்பளைங்கக்கிட்ட நான் கேப்பேன், நீங்க கேக்கக்கூடாது. மாத்திரையில சந்தேகம் இருக்கு. மொதல்ல நீங்க முழுங்கணும். எங்க முன்னாடி."

அவர் ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினார்.

"வாயைத் தொறங்க," என்றேன்.

திறந்தார். அவர் முகத்தை வெயில் பக்கம் திருப்பி, நாக்கைத் தூக்கச் சொல்லி, இரண்டு கன்னத்தையும் விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். கடைவாயில் பல் இல்லை. வேறொன்றும் இல்லை. தள்ளி நின்ற தலைவர் முதல் ஆளாக வந்து கையை நீட்டினார். வெற்றிலை போட்டிருக்கவில்லை. விழுங்கிவிட்டு என்னிடம் வாயைக் காட்டினார். நுளம்பு ஐயாவைப் பார்க்கவில்லை. "எனக்கு இதுல ஒரு நல்லதும் இல்லை. தெரிஞ்சுக்க," என்று மட்டும் சொன்னார்.

"இல்லதான் தலைவரே," என்றார் நுளம்பு ஐயா.

செல்லம்மாவின் குழந்தை உயிரோடு வந்தது. மழை வந்து ஆறு ஓடத் தொடங்கியது. அந்த வருடம் வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. மாத்திரையாலா, மழையாலா என்று தோட்டத்தில் இன்னும் சண்டை நடக்கும். நுளம்பு ஐயா வருவது குறைந்து, ஒரு நாள் நின்றுபோனது. சொல்லிக்கொண்டு போகவில்லை.

சில வருடங்கள் கழித்து, நாடு முழுவதும் நுளம்புக் காய்ச்சல் அநேகமாக ஒழிந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். அந்தக் காலத்தில்தான் ஹட்டன் பஸ் நிலையத்தில் அவரைக் கடைசியாகப் பார்த்தோம். காக்கி இல்லை, வேட்டி கட்டியிருந்தார், தலை நரைத்திருந்தது. சந்தைக்கு மரக்கறி ஏற்றும் ஒரு கடையில் வேலைக்கு நிற்பதாகச் சொன்னார். நோய் இல்லாத இடத்தில் ஆள் எதற்கு என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை. பஸ் நிலையத்தில் அத்தனை பேர் பார்க்க இவர் கன்னத்தைப் பிடித்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

"ஒழிஞ்சிருச்சுன்னு சொல்றாங்களேங்க," என்றேன்.

"சொல்றாங்க. நான் நம்பல." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "லயத்துக்குப் புதுசா யாரும் வந்திருக்காங்களா? தூரத்துல இருந்து?"

"யாரும் இல்லீங்க," என்றார் என் வீட்டுக்காரர் உடனே.

அவர் பொய் சொன்னார். என் அக்கா மகன் வந்திருந்தான். எலஹெரப் பக்கம் காட்டுக்குள் மாணிக்கக்கல் தோண்டப் போயிருந்தவன். அங்கே நடுவில் ஒரு வாரம் படுத்ததாகவும், பிறகு சரியாகிவிட்டதாகவும் சொல்லியிருந்தான். குடியுரிமைப் பத்திரம் இல்லாத பையன். யாராவது வந்து விசாரித்தால் வம்பு என்று நாங்கள் வெளியில் சொல்வதில்லை. வந்த நாளிலிருந்து பிள்ளைகளோடு பந்தடித்துக்கொண்டு சிரித்த முகமாகத்தான் இருந்தான்.

"இருக்கான்," என்றேன். என் வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். "எங்க அக்கா மகன். எலஹெரயில இருந்து."

"எப்படி இருக்கான்?"

"சொகமா இருக்கான்."

எங்கள் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

"உங்ககிட்ட இப்ப மாத்திரை இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"பின்ன என்ன செய்வீங்க?"

அவர் கடைப் பையனைக் கூப்பிட்டு, முதலாளியிடம் சொல்லிவிடு என்று ஏதோ சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் எங்கள் பஸ்ஸில் ஏறினார்.